மலைக்கு இ-பாஸ், பஸ்ஸுக்கு விலக்கு: கார் இல்லாமல் ஊட்டி போவது நிஜமாகவே சாத்தியமா?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வெள்ளிக்கிழமை மதியம் யாராவது "வீக்எண்ட் ஊட்டி போலாமா?" என்று போட்டால், முன்பெல்லாம் அடுத்த மெசேஜ் "யாரோட கார்?" என்பதாகத்தான் இருக்கும். இப்போது அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்துவிட்டது: "இ-பாஸ் போட்டாச்சா?"

நீலகிரி, கொடைக்கானல், கடைசியாக வால்பாறை. தமிழ்நாட்டின் மூன்று பெரிய மலைப் பகுதிகளுக்கும் வெளியூர் வண்டிகள் ஏற இன்று இ-பாஸ் வேண்டும். ஆனால் அந்த உத்தரவுகளுக்குள்ளேயே ஒரு விலக்கும் இருக்கிறது. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவருக்கு பாஸ் தேவையில்லை. செயலி இல்லை, க்யூஆர் கோடு இல்லை, சோதனைச் சாவடியில் இறங்கி நிற்க வேண்டியதும் இல்லை. டிக்கெட் எடுத்தால் போதும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அப்படி எத்தனை பேர் ஏற முடியும்? அந்த பஸ்ஸில் ஏற்கெனவே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இ-பாஸ் பற்றிய விவாதத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

முதலில், இந்த இ-பாஸ் ஏன் வந்தது?

2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் சிறப்பு அமர்வு ஓர் உத்தரவு போட்டது. மே 7 முதல் ஜூன் 30 வரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்றது. பாஸுக்குக் கட்டணம் கிடையாது. யார் வருகிறார்கள், எந்த வண்டி, எத்தனை நாள் தங்கல் என்ற கணக்கு வேண்டும், அவ்வளவுதான். அப்போது எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு எதுவும் இல்லை.

நீதிபதிகளை யோசிக்க வைத்தது அரசே கொடுத்த ஒரு புள்ளிவிவரம். சீசனில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு நுழையும் வண்டிகள் 20,011. அதில் கார்கள் மட்டும் 11,509. வேன்கள் 1,341, பேருந்துகள் 637, இரு சக்கர வண்டிகள் 6,524. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை, கோத்தகிரி வழியாக இன்னொரு பாதை, கர்நாடகா, கேரளா பக்கம் கூடலூர் வழியாக வரும் சாலைகள். இவ்வளவு வண்டிகளும் இந்தச் சில வழிகளில்தான் ஏறி இறங்க வேண்டும்.

அடுத்த கட்டம் 2025 மார்ச்சில் வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. உள்ளூர் வண்டிகள், விளைபொருள் ஏற்றி வருபவை, அவசர ஊர்திகள், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு விலக்கு. மின்சார வண்டிகளுக்கு முன்னுரிமை. 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்தது.

ஒரு எச்சரிக்கை. 20,011 என்பதையும் 6,000 என்பதையும் பக்கத்தில் வைத்து "மூன்றில் ஒரு பங்காக்கிட்டாங்க" என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியான ஒப்பீடு இல்லை. வரம்பில் உள்ளூர் வண்டிகளும் அரசுப் பேருந்துகளும் சேராது. முதல் எண் அப்படிப் பிரித்துச் சொல்லப்பட்டதல்ல.

வண்டியை எண்ணுகிறோம், ஆளை எண்ணவில்லை

அந்த 20,011-ஐ இன்னொரு முறை பாருங்கள். பேருந்துகள் 637, அதாவது மொத்தத்தில் சுமார் 3 சதவீதம். ஒரு பேருந்தில் 50 பேர், ஒரு காரில் 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். (இது ஒரு மனக்கணக்குதான். எல்லா வண்டியும் நிரம்பி வருவதில்லை. பேருந்து என்ற தலைப்பில் தனியார் சுற்றுலாப் பேருந்துகளும் இருக்கலாம்.) அப்படிப் பார்த்தால் 637 பேருந்துகள் கிட்டத்தட்ட 32,000 பேரை ஏற்றி வர முடியும். 11,509 கார்கள் 46,000 பேரை. சாலையில் 3 சதவீதமாக இருக்கிற வண்டிகள், 57 சதவீதமாக இருக்கிற கார்கள் சுமக்கும் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்கும் திறன் கொண்டவை.

அதனால்தான் வண்டிக்கு வரம்பு வைத்து பஸ்ஸுக்கு விலக்குக் கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மலைப்பாதையில் முதலில் தட்டுப்படும் விஷயம் சாலையின் அகலம். அடுத்தது பார்க்கிங். தண்ணீரும் குப்பையும் அதற்குப் பிறகு வருகிறவை. முதல் இரண்டுக்கும் பஸ் நேரடியான பதில். பின்னால் வரும் இரண்டுக்கும் பஸ் பதில் இல்லை, ஏனென்றால் குளிக்கிறதும் சாப்பிடுகிறதும் ஆட்கள்தான், வண்டி இல்லை. மலை உண்மையில் எவ்வளவு பேரைத் தாங்கும் என்று ஆராய ஐஐடி மெட்ராஸும் ஐஐஎம் பெங்களூரும் நீதிமன்றத்தால் ஈடுபடுத்தப்பட்டதற்குக் காரணமும் இதுதான். 6,000, 8,000 என்பவை அந்த ஆய்வு முடியும் வரைக்குமான இடைக்கால எண்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். காரை விட்டுவிட்டு ஒரு நாளைக்குக் கூடுதலாக 10,000 பேர் பஸ்ஸில் மலையேற முடிவு செய்கிறார்கள் என்று வையுங்கள். 50 பேர் வீதம் 200 ட்ரிப். ஒரு பஸ் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கினால் 100 பஸ்கள் தேவை. அவற்றுக்கு மலைப்பாதை பழகிய ஓட்டுநர்கள், நடத்துநர்கள், மேட்டுப்பாளையத்தில் கார்களை நிறுத்த இடம், ஊட்டியில் பஸ் நிற்க இடம் என எல்லாம் வேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் உத்தரவில் ஒரு வரி விலக்கு எழுதினால் தானாக நடந்துவிடுகிற வேலையும் இல்லை. வண்டியைத் தடுக்கும் வேலைக்குக் கேமரா, சாவடி, ஸ்கேனர், இணையதளம் எல்லாம் சில வாரங்களில் வந்துவிட்டன. அதே வேகம் பஸ் பக்கம் தெரியவில்லை என்பதுதான் என் குறை.

சரி, பஸ்ல போறதுன்னா எப்படிப் போறது?

சென்னையிலிருந்து என்றால் பழைய வழியே இன்றும் சிறந்த வழி. இரவு சென்ட்ரலிலிருந்து கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். எதிர் நடைமேடையில் மலை ரயில் நிற்கும். பஸ் என்றால் பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவையில் இறங்குகிறவர்களுக்கு மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஊட்டி பஸ்கள் உண்டு.

மலை ரயிலைப் பற்றி ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்த அந்த ரயில் அற்புதமானது. 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை போடப்பட்ட பாதை. 46 கிலோமீட்டர், 16 குகைகள், கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு 1 அடி ஏறும் சரிவு. அந்தச் சரிவில் சாதாரணச் சக்கரம் வழுக்கும் என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையைப் பற்றிக்கொண்டு எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து நாளுக்கு வழக்கமான சர்வீஸ் ஒன்றே ஒன்று. நாலைந்து சின்னப் பெட்டிகள். டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் நாட்கணக்கில் ரத்தாகும். அதைப் போக்குவரத்து என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். அது ஒரு அனுபவம். ஆட்களைச் சுமக்கிற வேலை பஸ்ஸினுடையது.

பெங்களூருவில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. மைசூரு, குண்டல்பேட் தாண்டியதும் பந்திப்பூர் காடு. அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. வன விலங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க 2009-இல் வந்த இந்தத் தடையை கர்நாடக உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. உங்கள் கார் 9 மணிக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் கேட்டுக்கு வெளியே விடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். தடைக்குள்ளும் போக அனுமதி பெற்றவை ஆம்புலன்ஸும், எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட சில அரசுப் பேருந்துகளும் மட்டுமே. காட்டின் விதி காரைவிட அரசு பஸ்ஸை அதிகம் நம்புகிறது என்பதற்கு இ-பாஸ் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே ஒரு உதாரணம் இருந்திருக்கிறது.

கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது. 'கொடைக்கானல் ரோடு' என்ற ஸ்டேஷன் பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய பேர். அங்கிருந்து மலைக்கு சுமார் 80 கிலோமீட்டர் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். மதுரை, திண்டுக்கல், வத்தலகுண்டு எங்கிருந்தும் பஸ் உண்டு. வால்பாறைக்குப் பொள்ளாச்சிதான் வாசல். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலோர சீட் கிடைத்தால் வலப்பக்கமா இடப்பக்கமா என்று சண்டை போடத் தேவையில்லை. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு பக்கம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு ஆர்டினரி பஸ் சொல்வது

வண்டிக்குக் கட்டுப்பாடு, பஸ்ஸுக்கு வழி என்ற ஏற்பாடு நீண்ட காலமாக நடக்கும் ஓர் இடம் நம் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. கேரளாவின் கவி.

பத்தனம்திட்டா மாவட்டத்தில், பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மலைக் குடியிருப்பு அது. மழைக்காடு, புல்மேடு, எப்போதும் தாழ்ந்து நிற்கும் மேகம். தனியார் வண்டிகள் வனத்துறையிடம் முன்பதிவு செய்து, நாளுக்கு வரையறுத்த எண்ணிக்கையில்தான் உள்ளே போக முடியும். ஆனால் பத்தனம்திட்டாவிலிருந்து குமுளி வரை கவி வழியாக கே.எஸ்.ஆர்.டி.சி.யின் சாதாரண பஸ் ஓடுகிறது. ஆங்கமூழி, மூழியார், கக்கி அணை, ஆனத்தோடு, பம்பா அணை, கவி, வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு என்று மணிக்கணக்கில் காட்டுக்குள்ளேயே போகும் பாதை. நாளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சர்வீஸ்கள்தான். 2012-இல் வந்த 'ஆர்டினரி' என்ற மலையாளப் படம் இந்த பஸ்ஸையே கதைக்களமாக வைத்தது. அதன் பிறகு கூட்டத்தைக் கேட்க வேண்டுமா?

இந்த பஸ் சுற்றுலாவுக்காக விடப்பட்டதில்லை. சபரிகிரி மின் திட்டத்தின் அணைகளில் வேலை செய்கிறவர்கள், கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் போய் வரத்தான் அது. அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் தமிழர்கள். 1964-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதி இங்கே குடியமர்த்தப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி, ரேஷன், கல்லூரி, கல்யாணம் எதற்கானாலும் காட்டை விட்டு வெளியே வர அவர்களுக்கு இருக்கும் வழி இந்த பஸ்.

இன்ஸ்டாகிராம் ரீலில் "குறைந்த செலவில் காட்டு வழிப் பயணம்" என்று வரும் வீடியோவில் தெரியாத விஷயம் இது. சனிக்கிழமை அந்த பஸ்ஸில் கேமராவோடு ஏறும் ஒவ்வொரு பயணியும் ஒரு சீட்டை எடுத்துக்கொள்கிறார். அடுத்த பஸ் சில மணி நேரம் கழித்து, இல்லையென்றால் மறுநாள். நமக்கு அது ஒரு ட்ரிப் கேன்சல். பிரஷர் மாத்திரை வாங்கப் போகிறவருக்கு அப்படி இல்லை.

கேரளா இதற்கு ஒரு வழி கண்டது. கே.எஸ்.ஆர்.டி.சி. 2021-இல் 'பட்ஜெட் டூரிசம்' என்று தனிப் பிரிவு தொடங்கியது. பல டிப்போக்களிலிருந்து கவிக்குத் தனிச் சுற்றுலா பஸ்களை விடத் தொடங்கியது. சுற்றுலாப் பயணிக்கு ஒரு பஸ், ஊர்க்காரருக்கு ஒரு பஸ் என்ற பிரிவு அப்படித்தான் உருவானது. ஊர் பஸ்ஸில் சுற்றுலாப் பயணி ஏறக்கூடாது என்று தடை எதுவும் இல்லை, ஆனால் ஏறியே ஆக வேண்டிய கட்டாயம் குறைந்தது. மூணாறிலும் இதே பிரிவு சுற்றிக் காட்டும் பஸ்களை விடுகிறது. 2025 பிப்ரவரியில் கண்ணாடிக் கூரையோடு இரண்டடுக்கு பஸ்கூட வந்தது.

குறை இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரலில் கவிக்குப் போன சுற்றுலா பஸ் ஒன்று காட்டுக்குள் பழுதாகி, குழந்தைகள் உட்படப் பயணிகள் பல மணி நேரம் அங்கேயே தவித்தார்கள். செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் பழைய பஸ்ஸை அனுப்பினால் அதுதான் நடக்கும். "பஸ் விடுங்க" என்று கேட்பதோடு "நல்ல பஸ் விடுங்க" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

நீலகிரியிலும் அதே கேள்வி

கவியின் கதை நீலகிரிக்கு அப்படியே பொருந்தும். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ வளர்ந்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கமுள்ள லயன் வீடுகளிலிருந்து அந்த மக்கள் டவுனுக்கு வர பஸ்தான் கதி. படுகர் ஊர்களிலிருந்து காய்கறி மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வருகிறவர்களும், காலை ஷிப்டுக்குப் போகும் செவிலியரும், குன்னூர் கல்லூரி மாணவர்களும் அதே பஸ்ஸில்தான். பெண்களுக்கான கட்டணமில்லா 'விடியல் பயணம்' திட்டம் மலைப் பகுதிகளுக்கும் நீட்டிக்கப்படும் என்று 2024-25 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்ததும், இந்த பஸ்களை நம்பி எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதை அரசே ஏற்றுக்கொண்டது போலத்தான்.

இந்த நிலைமையில் "கார் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள்" என்று சுற்றுலாப் பயணிகளை அழைத்து, பஸ் எண்ணிக்கையைக் கூட்டாமல் விட்டால் என்ன ஆகும்? மேட்டுப்பாளையத்திலேயே பஸ் நிரம்பிவிடும். பர்லியாரிலும் காட்டேரியிலும் கை காட்டுகிறவருக்கு பஸ் நிற்காது. நின்றாலும் ட்ராலி பேக்குகளைத் தாண்டி உள்ளே போக இடம் இருக்காது. சாலை நெரிசலைக் குறைக்கிறோம் என்று தொடங்கி, அந்த நெரிசலை பஸ்ஸின் படிக்கட்டுக்கு மாற்றியது போலாகும். நெரிசலுக்குக் காரணமே இல்லாதவர்தான் அதைத் தாங்க வேண்டியிருக்கும்.

எனவே என் கணிப்பில், இ-பாஸ் வரம்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குச் சமமான கேள்வி, சீசனில் எத்தனை தனி சுற்றுலா பஸ்கள் ஓட வேண்டும் என்பது. சமவெளியிலேயே காரை நிறுத்திவிட்டு, முன்பதிவு செய்த பஸ்ஸில் நேராக மேலே போய் இறங்கும் வசதி இருந்தால் இரண்டு தரப்பும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்க வேண்டியதில்லை. ஊட்டி நகருக்குள் கோடை சீசனில் சுற்றுலா இடங்களை இணைக்கும் சுற்றுப் பேருந்துகளை அரசுப் போக்குவரத்துக் கழகம் ஏற்கெனவே விடுகிறது. அதாவது தெரியாத வேலை இல்லை. அதை மலையடிவாரம் வரை நீட்டி, மே மாதத்துக்கு மட்டும் என்று இல்லாமல் ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டும்.

பாதுகாப்பு என்ற ஒரு கோணமும் இருக்கிறது. 2023 செப்டம்பர் இறுதியில் தென்காசி மாவட்டத்திலிருந்து வந்த தனியார் சுற்றுலாப் பேருந்து குன்னூர் அருகே மரப்பாலத்தில் பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த ஒரு விபத்தின் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் கியரில் இறங்க வேண்டும், பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும் என்பதெல்லாம் அங்கே தினமும் ஓட்டுகிறவருக்கு மூச்சு விடுவது போல. வருடத்துக்கு ஒரு முறை வருகிறவருக்கு, அதுவும் இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடிகாலையில் கல்லாரைத் தொடுகிறவருக்கு, அப்படி இல்லை. நண்பர்களில் "நல்லா ஓட்டுவான்" என்று பெயர் எடுத்தவருக்கும் இது பொருந்தும்.

வியாபாரிகள் ஏன் எதிர்க்கிறார்கள்?

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரியில் வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். இ-பாஸையே ரத்து செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. அவர்கள் பயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஊட்டியில் சாக்லேட் கடை, தங்கும் விடுதி, டீக்கடை வைத்திருப்பவருக்கு ஏப்ரல், மே இரண்டு மாத வருமானம்தான் மழைக்காலத்தையும் ஓட்டுகிறது. "பாஸ் கிடைக்குமோ, கிடைக்காதோ" என்ற சந்தேகமே ஒரு குடும்பத்தை மூணாறுக்கோ ஏற்காட்டுக்கோ திருப்பிவிடும். பாஸ் எடுப்பது இரண்டு நிமிட வேலைதான் என்று அதிகாரிகள் சொல்வது சரி. ஆனால் சீசன் சனிக்கிழமையில் வரம்பு முடிந்துவிட்டால் இரண்டு நிமிடம், இருபது நிமிடம் எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் அவர்கள் கேட்காத ஒன்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கூடுதல் பஸ் கேட்டு யாரும் கடையடைத்ததாகத் தெரியவில்லை. பஸ்ஸில் வருகிறவர் மேலே வந்ததும் உள்ளூர் டாக்ஸி எடுக்கிறார், உள்ளூர் ஹோட்டலில் சாப்பிடுகிறார். காரில் வருகிறவரோ டிக்கியில் தண்ணீர் கேன், நொறுக்குத் தீனி, சில சமயம் அடுப்பு வரை கொண்டுவருகிறார். வண்டி எண்ணிக்கை குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது, வருகிற எல்லோரும் காரில்தான் வருவார்கள் என்ற கணக்கில்தான் உண்மையாகும்.

இன்னொரு நியாயமான எதிர்ப்பு உண்டு. முழங்கால் வலி உள்ள அம்மா, சக்கர நாற்காலியில் வருகிறவர், கைக்குழந்தை. தாழ்தள பஸ்கள் மலைப்பாதைக்கு ஒத்துவராது. இவர்களுக்குக் கார்தான் வழி. வரம்புக்குள் இருக்கும் பாஸ்களில் ஒரு பங்கை இவர்களுக்கு ஒதுக்கினால், அதுவே வரம்பு வைத்ததற்கான நியாயத்தைக் கூட்டும்.

இறங்கியபின் கடைசி ஐந்து கிலோமீட்டர்

பஸ் பயணம் பெரும்பாலும் தோற்பது மலைப்பாதையில் இல்லை, பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகு. தங்கும் இடம் டவுனுக்கு வெளியே, தொட்டபெட்டா ஒரு திசை, பைக்காரா இன்னொரு திசை. அவலாஞ்சியில் காரை நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. மற்ற இடங்களுக்கு அப்படி எதுவும் இல்லாததால், பஸ்ஸில் வந்தவரும் நாள் முழுக்க ஒரு காரை வாடகைக்கு எடுக்கிறார். சாவடியில் எண்ணப்படாத அந்த கார், சேரிங்கிராஸில் நெரிசலாக நிற்கிறது.

கார் இல்லாத மலையூர் என்பதை இந்தியாவில் முழுதாகச் செய்து பார்த்த இடம் மகாராஷ்டிராவின் மாத்தேரான். வண்டிகள் தஸ்தூரி நாக்காவோடு நின்றுவிடும். அதற்குமேல் குட்டி ரயில், குதிரை, கால்நடை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நடக்க முடியாதவர்களையும் பெட்டிகளையும் இத்தனை ஆண்டுகள் இழுத்தது மனிதர்கள் கையால் இழுக்கும் ரிக்‌ஷாக்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தை ஆறு மாதத்துக்குள் முடிவுக்குக் கொண்டுவந்து, இ-ரிக்‌ஷாவுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு யாரும் திட்டம் போடவில்லை என்றால், அந்தப் பாரம் யாரோ ஒருவர் முதுகில் ஏறும் என்பதை மாத்தேரான் காட்டிவிட்டது.

அடுத்த வாரம் போகிறீர்கள் என்றால்

முடிந்தால் வார நாளில் போங்கள். மேலே போகும் டிக்கெட்டைவிடத் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள். ஞாயிறு மாலை மேட்டுப்பாளையம் ஸ்டேஷனைப் பிடிக்க ஊட்டியில் மதியமே கிளம்பிவிட வேண்டும். சீசனில் ஏற ஒரு பாதை, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப் போக்குவரத்து மாற்றம் செய்வார்கள், அப்போது வழக்கத்தைவிட நேரம் கூடும். பெரிய ட்ராலிக்குப் பதில் மடியில் வைக்கிற அளவு பை. பஸ்ஸில் முன் சீட்டுகள் நிரம்பியிருந்தால், இடைநிறுத்தத்தில் ஏறுகிறவருக்கு எழுந்து இடம் கொடுப்பதில் தவறில்லை. நீங்கள் குன்னூரில் டீ குடிக்க இறங்கப் போகிறீர்கள், அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை ஒரு முறை பார்த்துவிடுங்கள். மண் சரிவு, பாதை மாற்றம், மலை ரயில் ரத்து எல்லாம் அன்று காலைகூட மாறும். பஸ்ஸில் போகிறவருக்கு இ-பாஸ் விதி எப்படி மாறினாலும் கவலை இல்லை. பஸ் இருக்கிறதா என்பது மட்டும்தான் கவலை.